வாசல்வரை வரும் வைத்தியம்

ஏர்வாடியில் அறுந்த இழை

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். சொந்தக்காரர்களை இப்படி விட்டுவந்த குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஏசுவது சுலபம். ஆனால் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே உதவிக்கென்று ஒருவரும் இல்லாத ஊரில் அவர்கள் வேறு எங்கே போயிருப்பார்கள்? அந்த நடுவெளியை நிரப்பும் சமூக உதவிதான் சிகிச்சையின் மறுபாதி என்பது என் உறுதியான கருத்து.

மாத்திரை செய்வதும் செய்யாததும்

மனச்சிதைவுக்கு மாத்திரை அவசியம். காதில் ஒலிக்கும் குரல்களை அது பெரும்பாலும் தணிக்கும். குளிக்காமல், பேசாமல் மூலையில் முடங்கியவரைத் தெருமுனைக் கடைவரை நடக்கவைக்க அது மட்டும் போதாது. காஞ்சிபுரம், கோவா, சதாரா பகுதிகளில் மனச்சிதைவுள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு, 2014இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களின் துணையும் கிடைத்தது. ஓராண்டில் இரண்டாம் பிரிவினரிடம் நோய்க்குறிகளும் அன்றாட முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன. வித்தியாசம் மிதமானதே; அதை ஊதிப் பெருக்க வேண்டாம். ஆனால் மாத்திரை அட்டையில் எத்தனை பிரிக்கப்படாமல் கிடக்கின்றன என்று பார்த்து, ஏன் நின்றது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர் வருவது, பல ஆண்டுகளாகத் தனியே தவித்த வீட்டுக்குச் சின்ன விஷயமல்ல.

"வீட்டார் பார்க்கட்டுமே"

பார்க்கிறார்கள், முடிந்தவரை. எழுபது வயதுத் தாய்க்குப் பிறகு அந்த மகனுக்கு யார் என்பதே கேள்வி. மனச்சிதைவுள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. உண்மையில் இவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடியும் ஏமாற்றமும் இவர்களுக்கே அதிகம் நேர்கின்றன. செலவு கூடும் என்பது நியாயமான ஆட்சேபம்தான். அதற்காகக் குணமானவரையும் காப்பகத்திலேயே வைத்திருக்க முடியாது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊரில் வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை அங்கே நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. சென்னையில் 1993இல் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, இப்படிப்பட்டவர்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்திக் காட்டியிருக்கிறது. சமையல், சந்தை, பக்கத்து வீட்டுப் பேச்சு என்று அங்கே நாள் நகர்கிறது. அப்படிப்பட்ட கூட்டு இல்லங்களுக்கு வழிசெய்யும் பொறுப்பை அதே சட்டப்பிரிவு அரசிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. முதல் ஆலோசனைக்கு இன்றே 14416 என்ற இலவச எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.