பன்னிரண்டு சதுர அடிக்கு ஒரு கணக்கு

கொழும்பு, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஜம்பட்டா வீதிப் பக்கம், ஒரு மாடி அறையில் நண்பர் ஒருவர் அரூப ஓவியம் வரைகிறார். படங்கள் எல்லாம் 3 அடிக்கு 4 அடி. ஏன் இந்த அளவு என்று கேட்டால் கலைத் தத்துவம் ஒன்றும் வராது. அதைவிடப் பெரியது படிக்கட்டு வளைவில் திரும்பாது, த்ரீவீலிலும் ஏறாது. ஐந்தடிப் படம் என்றால் லொறி பிடிக்க வேண்டும்.

பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது, "இதைச் சின்னப் பிள்ளையும் கீறுமே, அண்ணே" என்பார். நண்பர் சிரித்துவிட்டுத் தேநீர் ஊற்றுவார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

சட்டம் முதலில். சுற்றளவு 14 அடி, நடுக்குறுக்கு 3 அடி, ஆக 17 அடி மரம். வெட்டுக் கழிவு தனி. துணி நாலு பக்கமும் பின்னால் 3 அங்குலம் மடிய வேண்டும். 42 அங்குல அகலத் துணியில் ஒன்றரை யார் சரியாகப் போதும். இரண்டு அங்குலத்துக்கு ஓர் ஆணி என்றால் 84 ஆணி. முதல் நாலு ஆணியும் நாலு பக்க நடுவிலும் இறங்கும். பிறகு எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து இழுத்து மூலைக்குப் போவார். மூலை மடிப்பில் அவர் பெருவிரல் நகம் வெளுத்துவிடும். முடிந்ததும் விரலால் சுண்டினால் மேளம்போல ஒலிக்க வேண்டும். தொய்ந்து ஒலித்தால் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி.

அடுத்தது நிறம். உண்மையான செலவு இங்கேதான். 12 சதுர அடி என்பது 1.11 சதுர மீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பூச 111 மில்லிலீற்றர் வேண்டும். 37 மில்லி எண்ணெய் நிறக் குழாயில் 3. அரை மில்லிமீற்றர் கனம் என்றால் 15 குழாய். கத்தியால் அப்பி 2 மில்லிமீற்றருக்கு ஏற்றினால் 60 குழாய், அதாவது இரண்டேகால் லீற்றர். வெள்ளை நிறமானால் அந்தப் பூச்சு மட்டுமே 4 கிலோவைத் தாண்டும். உருவப்படம் வரைகிறவர் பின்புலத்தை மெல்லப் பூசிவிட்டு மூக்கிலும் கண்ணிலும் நம் கவனத்தைப் பிடித்துவிடலாம். அரூபத்தில் பார்க்கக் கிடப்பதே நிறமும் அதன் கனமும்தான். சின்னப் பிள்ளை கீறட்டும், ஆனால் 60 குழாய்க்கு யார் காசு கொடுப்பது?

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 203 ரூபாய். மே மாதம் 360. குழாய் 10 டொலர் என்று வைத்துக்கொண்டால், 15 குழாய் 30,450 ரூபாயிலிருந்து 54,000க்குப் போகும். கப்பல் கூலியும் வரியும் இதில் இல்லை. நாடே காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் நண்பர் வரைந்த படங்களைத் தடவிப் பார்த்தால் துணியின் இழை விரலில் படும். அதை 'மெல்லிய காலம்' என்று ஒரு விமர்சகர் நாளைக்கு எழுதக்கூடும். டொலர் விலைதான் காரணம் என்று யார் எழுதுவார்?

ஆமர் வீதி ஹாட்வெயார் கடையில் சுவர் பெயின்ற் வாங்கினால் என்ன? வாங்கலாம். 4 லீற்றர் வாளி ஒன்று, ஒரு பூச்சுக்கு, ஏறத்தாழ 40 சதுர மீற்றர் மூடும். நண்பரின் அளவுத் துணி 36 மூடலாம். அமெரிக்க அரூப ஓவியர் ஜாக்சன் பொலொக்கே வீட்டு எனாமலைத்தான் துணியைத் தரையில் விரித்து ஊற்றினார்.

கனம் கூடினால் விலை கூடும் என்று நினைத்தால் அதுவும் பிழை. மார்க் ரொத்கோ நிறத்தை நீர்க்கக் கரைத்து மெல்லிய படலங்களாக ஏற்றியவர். 1961இல் அவர் வரைந்த, செம்மஞ்சளும் சிவப்பும் மஞ்சளுமான படம் 2012இல் நியூயோர்க்கில் 8 கோடியே 69 லட்சம் டொலருக்கு ஏலம் போனது. பரப்பு 52 சதுர அடி சொச்சம். நம்மூர்க் காணிக் கணக்கில் ஒரு பேர்ச்சில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சதுர அடி 16 லட்சம் டொலருக்கு மேல்! ரொத்கோ 1970இலேயே இறந்துபோனார். இந்திய அரூப ஓவியர் வாசுதேவ் கைதொண்டேயின் படம் ஒன்று 2013இல் மும்பையில் 23.7 கோடி இந்திய ரூபாய்க்குப் போனபோது அவர் இறந்து 12 ஆண்டு. வரைந்தவரின் செலவும் விற்றவரின் வரவும் ஒரே கொப்பியில் ஏறுவதில்லை.

அப்படியானால் ஓவியர் எதில் சாப்பிடுகிறார்? நம் துறைமுகத்திலேயே விடை உண்டு. '43 குழு என்ற இலங்கை ஓவியர் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஜோர்ஜ் கிளாசன் (1909–1999) கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவில் வரைபடக்காரராகச் சம்பளம் வாங்கியவர். இலங்கையில் அரூபத்துக்கு முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். பகலில் அடிமட்டத்தோடு அளந்து கோடு போட்டவர், சொந்த நேரத்தில் அளவே இல்லாத கோட்டைத் தேடினார் என்பது எனக்குப் பிடித்த முரண். பிறகு லண்டனுக்குப் போய்விட்டார். சென்னையில் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்துக்குக் காசு கொடுத்தது ஓவியம் இல்லை, பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும். நண்பருக்கு மூன்று வீட்டில் டியூஷன்.

ஒரு செலவை விட்டுவிட்டேன். எண்ணெய் நிறம் தொட்டால் ஒட்டாமல் காய்வதற்கே, நிறத்தைப் பொறுத்து, 2 நாளிலிருந்து 12 நாள் வரை எடுக்கும். வார்னிஷ் பூச ஆறு மாதம் பொறுக்க வேண்டும். வருஷத்துக்கு 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊரில் அந்த ஆறு மாதமும் துணியின் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்காமல் காக்க வேண்டும். அதனால் படங்களைச் சுவரோடு சேர்த்துச் சாய்ப்பதில்லை. இடையில் ஒரு சாண் விட்டு நிறுத்துகிறார். பத்துப் படம் நின்றால் அவர் பாய் விரிக்க இடமில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும், தலைப்பு எழுதும் இடத்தில், கடைசிப் பூச்சின் திகதி பென்சிலில் இருக்கிறது. கதவோரம் நிற்பதில் 'மார்ச் 2' என்றிருந்தது. அதை வாங்க வந்தவரிடம் செப்டம்பரில் வரச் சொல்லியிருக்கிறாராம்.