பெட்ரோல் போன வழி

கண்ணில் புரை நீக்கிக்கொண்ட பிறகு சில மாதங்கள் நான் கார் ஓட்டவில்லை. தாராவியிலிருந்து வரும் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை ஒருவரை ஓட்டுநராக அமர்த்திக்கொண்டேன். அதுவரை லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்துவந்த எங்கள் 1200 சி.சி. சிறிய கார், இரண்டே மாதத்தில் 11-க்கு இறங்கிவிட்டது. மாதம் 600 கி.மீ. ஓடும் வண்டிக்கு 40 லிட்டர் போதும். ஆனால் 54 லிட்டர் போட்டுக்கொண்டிருந்தோம். மீதி 14 லிட்டர் எங்கே போகிறது?

இப்படிப்பட்ட நேரத்தில் மனித மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. வாய் திறந்து கேட்கவில்லையே தவிர, என் முகம் கேட்டுவிட்டது போலும். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டார். என் மனைவிதான், "கணக்குப் பார்க்காம ஒருத்தர் மேல பழி போடாதீங்க" என்றாள். அந்தக் கணக்கைப் பார்க்கப் போய் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அளப்பது எப்படி?

500 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தால் மைலேஜ் என்னவென்று கடைசிவரை தெரியாது. டேங்கை நிரப்புங்கள். குழாய் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ரூபாயை முழுதாக்குவதற்காக மேலும் ஊற்ற வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். 300, 350 கி.மீ. ஓடியபின் அதே பங்கில், முடிந்தால் அதே குழாயில், மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதே உண்மையான மைலேஜ். மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. ஸ்டியரிங்குக்கு முன்னால் தெரியும் எண் பல கார்களில் சற்றுத் தாராளமாகவே காட்டும். விளம்பரத்தில் வரும் எண்ணோ ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்தது. அங்கே சயான் சர்க்கிள் நெரிசல் கிடையாது.

நான் ஒரு டேங்க் தீரும்வரை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓட்டுநர் அருகிலேயே உட்கார்ந்தேன். இரவில் சாவி என் மேஜையில் இருந்தது. 362 கி.மீ. ஓடியதும் நிரப்பினேன், 32 லிட்டர் பிடித்தது. 11.3! ஒரு சொட்டும் வெளியே போகவில்லை என்று எனக்கே தெரிந்த நிலையிலும் அதே கணக்குதான். அப்படியானால் பெட்ரோலை எரித்தது யார்?

நான் இட்ட கட்டளைகள்

அம்மாவை வாரத்தில் மூன்று நாள் செம்பூரிலேயே ஒரு பிசியோதெரபி மையத்துக்கு அழைத்துப்போக வேண்டும். திரும்பி வந்து ஏறும்போது அம்மாவுக்கு வியர்க்கக் கூடாது, ஆகவே ஏ.சி.யை அணைக்காதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். 40 நிமிடம் வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சும்மா நிற்கும் சிறிய காரின் எஞ்சின் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். ஏ.சி.யும் ஓடினால் ஒரு லிட்டரை நெருங்கும். மாதக் கணக்கில் 7, 8 லிட்டர் அங்கேயே போய்விட்டது.

காலையில் பத்து நிமிடம் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு எடு என்பதும் என் கட்டளைதான். அம்பாசடர், பத்மினி காலத்துப் பழக்கம் அது. கார்புரேட்டர் உள்ள வண்டிகள் சோக்கை இழுத்துச் சற்று ஓடவிட்டால்தான் முரண்டு பிடிக்காமல் கிளம்பும். இன்றைய எஞ்சினில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி பார்த்துக்கொள்கிறது. கிளப்பிய அரை நிமிடத்தில் புறப்பட்டு, முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் போதும். ஓடும்போதுதான் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். இந்தப் பத்து நிமிடத்தில் மாதம் இரண்டு லிட்டருக்கு மேல் விரயம்.

மூன்றாவது, டயர். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. எங்கள் வண்டிக்கு 33 பவுண்டு, இருந்ததோ 24. ஒவ்வொரு பவுண்டு குறைவுக்கும் மைலேஜ் ஏறக்குறைய 0.2 சதவிகிதம் குறையும். பெட்ரோல் கணக்கில் இது சிறிய தொகைதான். ஆனால் காற்று குறைந்த டயர் ஓரங்களில் தேயும், வேகத்தில் சூடேறி வெடிக்கவும் கூடும். மாதம் இருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பார்ப்பது நல்லது.

நான்காவதற்கு யாரும் பொறுப்பில்லை. முன்பு நான் தினமும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே வழியாகக் கோட்டைக்குப் போய்வந்தேன். நிற்காத நீண்ட ஓட்டம். இப்போது பேத்தியின் பள்ளிக்கு 2 கி.மீ., மருத்துவத்துக்கு 3 கி.மீ. எஞ்சின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. குளிர்ந்த எஞ்சின் அதிகப் பெட்ரோல் கேட்கும். இரண்டு வேலைகளை ஒரே ஓட்டத்தில் சேர்த்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

காலுக்கு வேலை குறைவு

பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், வேகமெடுக்கச் செலவழித்த பெட்ரோலைச் சக்கரத்தில் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிறோம். சிவப்பு விளக்கு தூரத்திலேயே தெரிந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டாம். கியரில் இருக்கும்போது சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் தானாகச் சுழல வேண்டியிருப்பதால் கொஞ்சம் குடிக்கும். போர்காட் மலைச்சரிவில் இறங்கும்போது நியூட்ரலில் விடுவது ஆபத்தும்கூட. எஞ்சினின் பிடி போய், பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும்.

வேகத்தையும் கவனியுங்கள். 80 கி.மீ. வேகத்தில் இருக்கும் காற்றின் எதிர்ப்பு, 100-ல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. 100 கி.மீ. தூரத்துக்கு மிச்சமாவது 15 நிமிடம்தான். மே மாதம் ஊருக்குக் காரில் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சென்னைக்கே 1,300 கி.மீ.க்கு மேல். கூரையில் கேரியர் கட்டி மூட்டை ஏற்றினால் அந்த எதிர்ப்பு இன்னும் கூடும். அரிசியும் புளியும் முடிந்தவரை டிக்கியிலேயே வரட்டும். ஊரிலிருந்து வந்ததும் வெறும் கேரியரையும் கழற்றிவிடுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடியை ஏற்றி அளவாக ஏ.சி. போடலாம். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது காலை வேளையில் கண்ணாடியை இறக்கினாலே போதும்.

பெட்ரோலே மாறியிருக்கிறது

முழுப் பழியும் நம்முடையது அல்ல. 2025-ல் நாட்டில் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் நிலை வந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டது. ஆகவே பழைய எண்ணோடு ஒப்பிட்டு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மைலேஜ் கூட்டும் மாத்திரை, காந்தம் என்று விற்பவற்றுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்தோம். அம்மா வெளியே வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பாக ஏ.சி. போட்டால் போதுமாக இருந்தது. டயரில் காற்று நிரப்பினோம், காலைச் சூடாக்கலை நிறுத்தினோம். அடுத்த மூன்று டேங்குகளின் சராசரி 13.6. பழைய 15 வரவில்லை. சிறு சிறு ஓட்டங்கள் இருக்கும்வரை வராது. ஆனாலும் மாதம் 10 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

கணக்கு முடிந்த அன்று ஓட்டுநரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நான் நினைத்தது தவறு என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு போன மாசமே சொன்னேனே சார்" என்றார். சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. இப்போது நானே ஓட்டத் தொடங்கிவிட்டேன். ஊருக்குப் போகும்போது மட்டும் அவரைக் கூப்பிடுகிறேன், வருகிறார்.