பட்டம் சூட்டுவது யார், சுமப்பது யார்?

மின் கட்டண உயர்வைக் கண்டித்து ஒருவர் முகநூலில் நாலு வரி எழுதுகிறார். 'சங்கி' என்று பதில் வருகிறது. மறுநாள் அதே ஆள், மாநிலத்துக்கு வரவேண்டிய நிதியை மத்திய அரசு ஏன் தரவில்லை என்று கேட்கிறார். இப்போது அவர் 'உபி'. இரண்டு கேள்விகளுக்கும் கடைசிவரை பதில் வரவில்லை.

இந்தப் பட்டங்கள் எங்கிருந்து வந்தன?

'சங்கி', ஆர்.எஸ்.எஸ். சார்ந்த சங்கப் பரிவாரத்தின் பெயரிலிருந்து பிறந்த சொல். 'உபி'யின் கதை வேறு. தி.மு.க. நாளேடான முரசொலியில் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்களை 'உடன்பிறப்பே' என்றுதான் கருணாநிதி தொடங்குவார். பாசத்தோடு அழைத்த அந்தச் சொல்லை எதிர்த்தரப்பு இரண்டெழுத்தாகச் சுருக்கி ஏளனமாக்கியது. அண்ணாவின் கடிதங்களில் வாஞ்சையோடு வந்த 'தம்பி', இன்று நாம் தமிழர் கட்சியினரைக் குறிக்கிறது. அது உறவா, நக்கலா என்பது சொல்பவரின் தொனியில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் பரவுகின்றன?

கட்டண விவரத்தைத் தேடிப் படித்துப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். பட்டம் சூட்ட ஒரு நொடி போதும். 'இவன் நம்ம ஆள் இல்லை' என்ற சேதியும் கூட்டாளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதன்பின் அவர் எதைச் சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எல்லாப் பட்டமும் ஒன்றுதானா?

இல்லை. கட்சியை விட்டு விலகலாம், கருத்தை மாற்றிக்கொள்ளலாம். பிறப்பின்மீது சுமத்தப்படும் பெயரை அப்படி இறக்கிவைக்க முடியாது. அதனால்தான் ஒடுக்கப்பட்ட மக்கள் பெயருக்காகவே பெரும் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சொல்வது ஒரு வழி. ஒடுக்கப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பழைய பெயரை விட்டுப் புதிய பெயரைக் கோருவது இன்னொரு வழி. மற்றொரு தலைவரான எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது. பின்னர் காந்தி பரப்பிய 'ஹரிஜன்' என்ற பெயர் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆனாலும் அதை அம்பேத்கர் ஏற்கவில்லை. தங்களை என்னவென்று அழைப்பது என்பதை அந்த மக்களே முடிவு செய்யும் உரிமைதான் அங்கே கேள்விக்குள்ளானது. 1972-இல் மும்பையில் உருவான தலித் பேந்தர்கள் இயக்கம், 'தலித்' என்ற சொல்லைப் போராட்டத்தின் பெயராக்கியது.

இழிபெயர் தரும் வலியைச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2015-இல் வந்த திருத்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

சொல் மாறினால் என்ன ஆகும்?

2008-இல் தமிழக அரசு திருநங்கைகளுக்கெனத் தனி நலவாரியம் அமைத்தது. 'திருநங்கை' என்ற பெயரும் அரசு வழக்கில் ஏறியது. அதுவரை கேலிப் பெயர்களால் விரட்டப்பட்டவர்கள், மரியாதையான ஒரு பெயரோடு அரசு அலுவலகத்தில் மனு கொடுக்க முடிந்தது. பெயர் மட்டுமே வேலையும் வீடும் தந்துவிடாது. ஆனால் அவற்றைக் கேட்க வருபவரை மனிதராகப் பார்க்க அது வழிசெய்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

ஒருவரை எந்தப் பெயரால் குறிப்பிடப்போகிறோமோ, அதை அவர் முகத்துக்கு நேரே சொல்வோமா, அவர் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்வாரா என்று யோசிக்கலாம். கட்சிக்காரரானால் கட்சியின் பெயரைச் சொன்னால் போதும். மின் கட்டணத்தைப் பற்றிக் கேட்டவருக்கு மின் கட்டணத்தைப் பற்றியே பதில் சொல்வோம்.