சக்கரக் கப்பலும் சிறு மாதிரியும்



ரமணாசிரமத்தை அடுத்த எங்கள் தெருவிலிருந்து கடல் வெகு தொலைவு. ஆயினும், பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் ஒரு கப்பல் கட்டினேன். இரு பக்கமும் துடுப்புச் சக்கரம் சுழலும் நீராவிக் கப்பலின் சிறு மாதிரி அது.

இவ்வகையைச் சேர்ந்த ‘டயானா’ 1823-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் கிதிர்பூரில் நீரில் இறக்கப்பட்டுப் பின்னர் பர்மாப் போரில் பயன்பட்டது. ‘எண்டர்பிரைஸ்’ 1825 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பால்மவுத்தை விட்டு, பாய்களின் துணையும் கொண்டு, டிசம்பரில் வங்காளம் சேர்ந்தது.

மாதிரியில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் 100-இல் ஒரு பங்காகக் குறைக்கிறோம் என்க. 100 அடிக் கப்பல் ஓர் அடியாகும். எடையோ பத்து லட்சத்தில் ஒரு பங்காகும்! 100 டன் கப்பலின் மாதிரி 100 கிராமே இருத்தல் வேண்டும். இக்கணக்கைப் பல்லாண்டு கற்பித்த நானே, கனத்த மரத்தைக் குடைந்து பித்தளைச் சக்கரம் பூட்டினேன். அண்டாவில் அது மிதந்தது. ஆனால் சக்கரம் பாதிக்குமேல் அமிழ்ந்து, நீரைப் பின்னே தள்ளாமல் மேலே வாரி இறைத்தது.

என் தவறு ஒரு பாடமாயிற்று. நிலக்கரி நிறைத்துப் புறப்பட்ட கப்பலின் சக்கரமும் இவ்வாறே ஆழ்ந்தது. கரி தீரத் தீர மேலெழுந்து, போதிய நீரைப் பற்றாது தவித்தது. அலையில் கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் மூழ்க, மற்றது காற்றில் சுழன்றது. ஆகவே கடற்கப்பல்கள் பின்புறத் திருகு விசிறிக்கு மாறின. ஆழமற்ற ஆறுகளில் சக்கரம் நெடுங்காலம் நிலைத்தது.

இரண்டாம் மாதிரியை நெட்டியால் செய்தேன். அது அண்டாவை நேராகக் கடந்தது. நீங்களும் செய்து பாருங்கள். கரும்பலகையில் எழுதிய கணக்கைத் தண்ணீர் ஒருமுறை திருத்தித் தரும்.