கடல் கடந்த ஆடற்கலைஞர்

1947ஆம் ஆண்டு அமெரிக்க இளைஞர் ஒருவர் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. இயற்பெயர் ரொபேர்ட் ஹான்சன். சான் பிரான்சிஸ்கோவில் பாலே நடனம் ஆடியவர். இளமையிலேயே யோகமும் பழகியவர். அந்நிய மண்ணிலும் அவர் சாதனையைக் கைவிடவில்லை. 1949இல் ஜலனி மலைக்குகைகளில் நோன்பிருந்து தியானித்தார். அவ்வாண்டே யாழ்ப்பாணத்தில் யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்றார். பின்னாளில் ஹவாயில் ஆதீனம் நிறுவி, 2001இல் சமாதியடைந்த சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் இவரே.

படிப்புக்கும் தொழிலுக்குமாக அஜின்கோர்ட்டை விட்டுத் தூர தேசம் செல்லும் பிள்ளைகளுக்கு இவர் வாழ்வு நல்ல பாடம். தனியறை, நேரம் தவறிய சாப்பாடு, பேச ஆளில்லாத மாலைப்பொழுது; இவற்றால் முதலில் சோர்வது உடல், அடுத்து மனம். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள்கள், நாளுக்கு 30 நிமிடம் விரைந்து நடந்தால் அக்கணக்கு நிறைவேறும். சூரிய நமஸ்காரத்துக்கோ ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.

பெட்டியில் மிளகாய்த்தூள் கட்டிக் கொடுக்கும் பெற்றோர், இப்பழக்கத்தையும் சிறுவயதிலேயே கட்டிக் கொடுப்பது நன்று. அதற்கு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு இல்லை.