கரும்பொன்னும் செங்குருதியும்

மேட்டூர் அணையைக் காணச் செல்வோர் கடல்போற் பரந்து கிடக்கும் நீர்த்தேக்கத்தையே முதலில் நோக்குவர். 1925-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1934-ஆம் ஆண்டில் நிறைவெய்திய அவ்வணை 120 அடி உயரத்திற்கு நீரைத் தேக்க வல்லது. அதன் மிகைநீர் வழிந்தோடுதற்கென அமைந்தவை 16 கண் மதகுகள். அவற்றின் இரும்புக் கதவுகளை நோக்குவார் சிலரே. வெள்ளப் பெருக்கைத் தடுத்து நிறுத்தும் அவ்வலிய கதவுகட்கும் ஒரு பகை உண்டு. அது துரு. நீரும் காற்றும் ஒருங்கு சேரின் இரும்பு சிறிது சிறிதாக உதிர்ந்து செம்பொடியாகிவிடும். அதனாலன்றோ நீரில் நிற்கும் இரும்பிற்கு வண்ணம் பூசிக் காக்கின்றனர்!

இரும்பை அழிக்கும் அதே காற்றுத்தான் நம்மை வாழ்விக்கின்றது. அதனை நம் உடலெங்கும் சுமந்து செல்வதும் இரும்பேயாகும். இவ்வியப்பை அறிந்துகொள்ள, இரும்பின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

பொன் என்னுஞ் சொல் பண்டு உலோகம் அனைத்திற்கும் பொதுவாக வழங்கிற்று. ஆதலின் இரும்பைக் கரும்பொன் என்றனர் தமிழர். அக்கரும்பொன்னின் கருவூலம் ஒன்று சேலத்து மண்ணில் உளது. சேலம் நகர்க்குத் தென்மேற்கே நிற்கும் கஞ்சமலையின் பாறைகளில் காந்தக்கல் விரவிக் கிடக்கின்றது. இரும்பு தனித்து மண்ணில் கிடைத்தல் அரிது. உயிர்வளியொடு கூடிக் கல்லாகவே அது கிடைக்கும். காந்தக்கல் என்பது மூன்று இரும்பணுவும் நான்கு உயிர்வளியணுவும் சேர்ந்த கூட்டுப்பொருள். தூய காந்தக்கல்லின் நிறையில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பாகும். ஆயினும் கஞ்சமலைப் பாறையில் வெண்கல்லும் கலந்திருத்தலின், இரும்பின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றேயாம்.

அக்கல்லை இடித்துத் தூளாக்கி, மண்ணாலாகிய உலையில் மரக்கரியொடு இட்டுத் துருத்தியால் ஊதினர் அக்காலத்துக் கொல்லர். கரியானது கல்லிலுள்ள உயிர்வளியைத் தான் கவர்ந்துகொள்ள, இரும்பு தனித்து நின்றது. கும்பினியார் பணியிலிருந்து விலகிய சோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், சேலத்துக் கனிப்பொருளை நம்பி 1830-ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவினார். எனினும் உலைக்கு வேண்டிய மரக்கரி போதிய அளவில் கிடைக்காமை முதலிய இடர்களால் அம்முயற்சி நிலைபெறவில்லை. பின்னாளில் கஞ்சமலையின் அடிவாரத்தே சேலம் உருக்காலை எழுந்தது. 1981-ஆம் ஆண்டு முதல் அங்குத் துருவேறா எஃகுத் தகடுகள் செய்யப்பெறலாயின. அவ்வெஃகிற் கலந்த குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாய் நின்று துருவைத் தடுக்கின்றது.

இரும்பின் கூட்டுப்பொருள்களுள் மற்றொன்று அன்னபேதி. இரும்பு கந்தகக் காடியில் கரைவதால் உண்டாகும் பசிய உப்பு அது. அதனைத் திறந்து வைத்தால், காற்றுப்பட்டு நாளடைவில் மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறும். காரணம் என்னை? இரும்பணு தன் மின்னணுக்களில் இரண்டனை இழந்து நிற்பது ஒரு நிலை. மூன்றனை இழந்து நிற்பது மற்றொரு நிலை. முன்னையதன் உப்புக்கள் பெரும்பாலும் பசுமை சார்ந்தன. பின்னையதன் உப்புக்கள் மஞ்சளும் செம்மையும் சார்ந்தன. காற்றிலுள்ள உயிர்வளி முதல் நிலையை இரண்டாம் நிலைக்கு மாற்றிவிடுகின்றது. துருவும் இவ்விரண்டாம் நிலையினதே.

கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து மை செய்து எழுதியவர் நம் முன்னோர். கடுக்காயிலுள்ள துவர்ப்பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு கருநிறம் அடைகின்றது. தேயிலை நீரிலும் இத்துவர்ப்பொருள் உண்டு. அதில் சிறிது அன்னபேதியை இட்டால் அதுவும் கறுத்துவிடுதலைக் காணலாம். இச்செய்தியை நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

இனிக் குருதிக்கு வருவோம். 1746-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மெங்கினி என்னும் அறிஞர், உலர்ந்த குருதியைச் சுட்டுச் சாம்பலாக்கி அதன்மேற் காந்தத்தைக் காட்டினார். சாம்பலின் துகள்கள் காந்தத்தில் வந்து ஒட்டின. குருதியில் இரும்பு உண்டு என்பது இதனால் விளங்கிற்று. வளர்ந்த ஒருவர் உடலிலுள்ள இரும்பு முழுவதும் மூன்று அல்லது நான்கு கிராமே. ஒரு சிற்றாணியின் நிறையே எனலாம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு குருதியின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் புரதத்தில் அமைந்துளது. அப்புரதத்தின் வடிவத்தை ஆராய்ந்து கண்ட மாக்ஸ் பெரூட்ஸ் என்பார் 1962-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

அப்புரதத்தின் ஒரு மூலக்கூறில் நான்கு மடிப்புக்கள் உள. மடிப்பு ஒன்றுக்கு ஓர் இரும்பணுவாக நான்கு இரும்பணுக்கள் அவற்றில் தங்கியுள்ளன. நுரையீரலில் உயிர்வளியைப் பற்றிக்கொள்வதும், உடலின் உறுப்புக்களை அடைந்தபின் அதனை விட்டுவிடுவதும் அவற்றின் தொழில். அணையின் இரும்பு உயிர்வளியைப் பற்றினால் துருவாகின்றது; குருதியின் இரும்போ பற்றியதைத் திருப்பித் தருகின்றது. நீர் எளிதிற் புகாதவாறு புரதத்தின் மடிப்பு அதனைப் பொதிந்து காத்தலே இதற்குக் காரணம். அவ்விரும்பு முதல் நிலையில் நிற்கும்வரையே உயிர்வளியைச் சுமக்கும். இரண்டாம் நிலைக்கு மாறிவிடின் சுமக்கும் ஆற்றலை இழக்கும். அங்ஙனம் மாறும் சிறு பகுதியையும் உடலே மீண்டும் முதல் நிலைக்குக் கொணர்ந்துவிடுகின்றது.

சிவப்பணு ஒன்றன் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். அது அழிந்தபின் அதிலுள்ள இரும்பை உடல் வீணாக்குவதில்லை; புதிய அணுவை ஆக்குதற்குப் பயன்படுத்திக்கொள்ளும். ஆதலின் உணவினின்று நாள்தோறும் ஏற்கவேண்டுவது ஒன்றிரண்டு மில்லிகிராமே. அச்சிறு அளவும் கிட்டாதபோது குருதி வெளுக்கின்றது. இதனைப் பண்டை மருத்துவர் பாண்டு என்றனர். இக்காலத்தார் இரத்தசோகை என்பர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், பாடத்தில் மனம் நில்லாது. இவற்றைச் சோம்பல் என்று எண்ணிப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோரும் உளர். குறை மனத்திலன்று, குருதியில் என்பதை அவர் அறியார்.

பருவமெய்திய பெண்மக்கட்குத் திங்கள்தோறும் குருதியிழப்பும் உண்டு. ஆதலின் அவர்க்கு இரும்பின் தேவை மிகுதி. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். கொக்கிப்புழு குடலில் இருந்து குருதியை உறிஞ்சுதலும் இந்நோய்க்கு ஒரு காரணம். வெறுங்காலுடன் அழுக்கு மண்ணில் நடப்பார் உடலில் அப்புழு தோல்வழியே புகும்.

இரும்பை மருந்தாக்கும் வழக்கம் பழமையானது. சித்த மருத்துவர் இரும்பினின்று அயச்செந்தூரமும், காந்தக்கல்லினின்று காந்தச் செந்தூரமும், அன்னபேதியினின்று அன்னபேதிச் செந்தூரமும் செய்து பாண்டு நோய்க்கு வழங்கினர். கஞ்சமலை அடிவாரத்திலுள்ள சித்தர் கோயிலுக்கு இன்றும் மக்கள் திரளாகச் சென்று வழிபடுகின்றனர். மேலை நாட்டிலோ, 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் பிளோ என்பார் அன்னபேதியையும் ஒருவகைக் காரவுப்பையும் சேர்த்து மாத்திரை செய்து இந்நோயைத் தீர்த்தார். வழிகள் வேறாயினும் கருவிப்பொருள் இரும்பேயாம்.

பள்ளிகளில் வாரத்திற்கு ஒருமுறை வழங்கப்பெறும் நீலநிற மாத்திரையும் இவ்வகையினதே. 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள. உணவு உண்டபின் அதனை விழுங்குதல் நலம். மலம் கறுத்துப் போதலைக் கண்டு அஞ்சவேண்டா. அது உடலில் ஏறாது எஞ்சிய இரும்பின் நிறமே. இதனை அறியாமல், ஆசிரியர் காணாத நேரத்தில் மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்துவிடுவாரும் உண்டு. அவர் எறிவது தம் குருதியையே அன்றோ?

மாத்திரையை உண்டவுடன் தேநீர் பருகுதல் தவறு. தேநீரின் துவர்ப்பொருள் இரும்பைப் பற்றிக்கொள்ளும் என்பதை மேலே கண்டோம். மைக்கூட்டில் நிகழ்ந்தது வயிற்றிலும் நிகழ, இரும்பு உடலில் ஏறாது வீணாகும். நெல்லிக்கனியும் எலுமிச்சையும் இதற்கு மாறானவை. அவற்றிலுள்ள உயிர்ச்சத்து இரும்பை எளிதில் ஏற்கத்தக்க முதல் நிலையில் நிறுத்தி, குடல் அதனைக் கொள்ளச் செய்யும். கம்பும் கீரையும் எள்ளும் வெல்லமும் இரும்பு உடையன. இருப்புச் சட்டியில் புளிக்குழம்பு காய்ச்சும்போது சட்டியின் இரும்பும் சிறிது குழம்பில் இறங்கும். பாட்டிமார் அச்சட்டியைப் போற்றியது வீணன்று.

எனினும் அளவிற்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சாகும். மிகையான இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனிவழி இல்லை. இம்மாத்திரைகளை இனிப்பென்று கருதிச் சிறு குழந்தைகள் பல விழுங்கிவிடின் உயிருக்கே இறுதி நேரும். ஆதலின் அவற்றைக் குழந்தைகட்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். செந்தூரமாயினும் மாத்திரையாயினும் மருத்துவர் கூறிய அளவே கொள்ளத்தக்கது.

கஞ்சமலையின் கல்லும், மேட்டூர் மதகின் கதவும், நம் நரம்பில் ஓடும் குருதியும் ஒரே கரும்பொன்னை உடையன. கதவைத் துருவினின்று காக்க ஆண்டுதோறும் பொருள் செலவிடுகின்றோம். குருதியைக் காப்பதற்கோ ஒரு நெல்லிக்கனியும், ஒரு பிடி கீரையும், வாரத்திற்கு ஒரு மாத்திரையும் பெரிதும் துணையாகும்.