வெளிறிப்போன சிவப்பு: கராஜில் ஒரு பழைய டர்ட் பைக்

ஃப்ரீமான்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிப் போனபோது, "இது வேணுமா?" என்று கேட்டு ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். ஹோண்டா எக்ஸ்ஆர்100ஆர். அவர் மகன் சின்ன வயதில் ஓட்டியது. அவன் வேலைக்குப் போன பிறகு பல வருஷம் தோட்டத்தில் வெயில் காய்ந்திருக்கிறது. மட்கார்டு இரண்டும் பஞ்சுமிட்டாய் நிறம். ஹோண்டா பிங்க் கலரில்கூட டர்ட் பைக் விட்டதா என்று குழம்பிவிட்டேன். குனிந்து மட்கார்டின் அடிப்பக்கத்தைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. அங்கே வெயில் படாததால் சிவப்பு அப்படியே இருந்தது.

நான் உடனே சரி என்றதற்குக் காரணம் அந்த வண்டியின் பேர். ஊரில் நம்மில் பலர் உயிரைக் கொடுத்து ஓட்டியது யமஹா ஆர்எக்ஸ்100. எழுத்தை மாற்றிப் போட்டால் எக்ஸ்ஆர்100! மற்றபடி இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்எக்ஸ் 98 சிசி, டூ ஸ்ட்ரோக். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன ரோட்டு வண்டி. எக்ஸ்ஆர்100ஆர் 99 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், ஹெட்லைட்கூடக் கிடையாது. 1985-லிருந்து 2003 வரை வந்தது, பிறகு சிஆர்எஃப்100எஃப் என்று பேர் மாறியது. அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கிளட்ச் பிடிக்கக் கற்றுக்கொண்டது இதில்தான்.

"அதற்கு ஆர்எக்ஸையே கப்பலில் கொண்டுவரலாமே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். 25 வருஷம் தாண்டிய வாகனத்துக்கு மத்திய அரசின் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் புகை விதி தனி. கலிஃபோர்னியாவில் அது இன்னும் கெடுபிடி. என்னுடைய ஆர்எக்ஸ் பாளையங்கோட்டையிலேயே இருக்கட்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை நான் பெரிய மேஸ்திரி மாதிரி மகளிடம் விளக்கினேன்: உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம், பட்டி பார்க்கிறோம், பிரைமர், அப்புறம் பெயிண்ட். ஊர் டிங்கரிங் கடை வாசலில் நின்று கற்ற ஞானம். அவளுக்குப் பதிமூன்று வயது. "அப்பா, இது மெட்டல் இல்ல, பிளாஸ்டிக். பெயிண்ட் நிக்காது" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. டர்ட் பைக்கின் மட்கார்டு பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் வகை. மெழுகு போல வழுக்கும் அந்தப் பரப்பில் பெயிண்ட் கவ்வாது. மீறி அடித்தாலும், முதல் தடவை விழுந்து மட்கார்டு வளைந்ததுமே செதில் செதிலாக உரிந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு வசதி இருக்கிறது. தகரத்தில் நிறம் மேலே பூசப்படுகிறது. இங்கே பிளாஸ்டிக்கை உருக்கும்போதே நிறம் கலந்துவிடுகிறார்கள், அதனால் முழுக் கனத்துக்கும் அதே சிவப்பு. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலை மட்டும்தான் சுண்ணாம்பாக்குகிறது. அந்தத் தோலை எடுத்துவிட்டால் பழைய நிறம் தானாக வெளியே வரும்.

எடுப்பதுதான் வேலை. ஆழமான கீறலைப் பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்ட வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாள்: 220-ல் ஆரம்பித்து 400, 800, 1500, கடைசியில் 2000. அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால், முந்தைய தாளின் கோடுகள் பாலிஷுக்குப் பிறகு பல்லைக் காட்டும். எங்களுக்குக் காட்டியது. முன் மட்கார்டை மறுபடி 400-லிருந்து தொடங்கினோம். வளைந்து வெள்ளைக் கோடு விழுந்த இடத்தில் ஹீட் கன் காட்டினால் கோடு மங்குகிறது, பார்க்க மாயம் மாதிரி இருக்கும். கையை மட்டும் ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. பாலிஎத்திலீன் 130 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும், அப்புறம் மட்கார்டு அப்பளம்தான்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு என்பவர்களுக்கு இத்தாலியின் யூஃபோ, அசெர்பிஸ், போர்ச்சுகலின் பாலிஸ்போர்ட் போன்ற கம்பெனிகள் பழைய மாடல்கள் பலவற்றுக்குப் புது பிளாஸ்டிக் விற்கின்றன. உடைந்திருந்தால் வாங்குங்கள். வெறுமனே வெளிறியிருந்தால் என் ஓட்டு உப்புத்தாளுக்கே.

துருப்பிடித்த கைப்பிடிக் குழாய், ஸ்போக்ஸ் கம்பி இவற்றுக்கு சமையலறை அலுமினியம் ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே பாதித் துரு போய்விடும். சீட் கவரைச் சிறிது நேரம் வெயிலில் காயவைத்து, நடுவிலிருந்து இழுத்து ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம். பழைய டிரம் பிரேக்கின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அழகு பார்ப்பதற்கு முன்னால் அந்த பிரேக் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, சக்கர பேரிங்கை மறந்த வண்டிகள் எத்தனையோ விற்பனைக்கு வருகின்றன.

காகிதமும் முக்கியம். கலிஃபோர்னியாவில் வாகன உரிமைப் பத்திரத்துக்குப் பேச்சு வழக்கில் 'பிங்க் ஸ்லிப்' என்று பேர் (எங்கள் வண்டிக்குப் பொருத்தம்!). அதைக் கையெழுத்துப் போட்டு வாங்காமல் இலவசமாகக்கூட வண்டி எடுக்காதீர்கள். அது இருந்தால்தான் டிஎம்வியில் பெயர் மாற்றி, பச்சை ஸ்டிக்கர் வாங்கி, சான் ஹோஸே மெட்காஃப் சாலையில் இருக்கும் கவுன்டி மோட்டார்சைக்கிள் பார்க்கிலோ ஹாலிஸ்டர் ஹில்ஸிலோ ஓட்ட முடியும். நியூஜெர்சி, டெக்சஸ் விதிகள் வேறு. அங்கேயும் பதிவோ ஸ்டிக்கரோ உண்டு.

இப்போது பாளையங்கோட்டைக்கு வருகிறேன். போன வருஷம் தம்பி என் ஆர்எக்ஸைப் புதுப்பித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். எனக்குத் தெரியாமல், ஆசையாக, கைக்காசு போட்டுச் செய்திருக்கிறான். கறுப்பு பெயிண்டில் முகம் பார்க்கலாம், சைலன்சர் தகதகவென்று குரோம். "எப்படி அண்ணே, ஷோரூம் வண்டி மாதிரி இருக்கா?" என்றான். இருந்தது. டேங்கின் இடப்பக்கம் ஒரு ஒடுக்கு உண்டு. காலேஜ் படிக்கும்போது அப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு மாட்டுவண்டி நுகத்தடியில் போய் இடித்தது. அப்பா சாகும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பார். பட்டி பார்த்ததில் அது மூடிப்போய்விட்டது. தம்பியிடம் "சூப்பர்டா" என்றேன். வேறென்ன சொல்ல?

அதனால்தான் இங்கே மூன்றாவது வாரம் மகள் ஒரு சைடு பேனலைக் கையில் எடுத்து, "இதைத் தேய்க்கவேண்டாம் ப்பா" என்றபோது நான் வாதாடவில்லை. அதில் அந்தப் பையன் மார்க்கரில் கோணல்மாணலாக எழுதிய 27 என்ற எண் இருந்தது. உப்புத்தாள் பட்டால் முதல் இழுப்பிலேயே போய்விடும். "அது அந்த அண்ணாவோட நம்பர். நாம அழிக்கக்கூடாது" என்றாள். அவனை அவள் பார்த்ததுகூட இல்லை.

ஆக இப்போது வண்டி வலப்பக்கம் பார்த்தால் ஹோண்டா சிவப்பு, இடப்பக்கம் நடுவில் ஒரு பிங்க் சதுரம். வீடியோ காலில் தம்பிக்குக் காட்டினோம். "ஏன் அந்தப் பக்கம் மட்டும் விட்டுட்டீங்க? தாள் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டான். "இல்ல சித்தப்பா, வேணும்னேதான் விட்டோம்" என்று மகள் காரணத்தைச் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, "அண்ணே, அந்த டேங்கில பட்டியைச் சுரண்டினா ஒடுக்கு திரும்ப வருமா?" என்று கேட்டான்.